வேணுகோபாலனின் வலது கை

அக்னி நட்சத்திரம் முடிந்த மறுநாள் பீரோவின் அடித்தட்டைத் திறந்து எங்கள் கொலு பொம்மை வேணுகோபாலனை வெளியே எடுத்தேன். புல்லாங்குழலின் நுனியிலிருந்து பீடம் வரை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 171 மில்லிமீட்டர். தை மாதம் உள்ளே வைக்கும்போது குறித்து வைத்ததும் அதே 171தான். ஒரு கோடைக்காலம் முழுக்க, நான் செய்து ஒட்டிய கை இறங்கவில்லை. உடைந்த கைக்காக 2019இல் ஆரம்பித்த வேலை 2024 மே மாதம்தான் முடிந்தது என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பொம்மை பாட்டி வாங்கியது. பண்ருட்டி மண் பொம்மை, 14 அங்குல உயரம், சுட்ட மண், உள்ளே கூடு. அச்சில் இரண்டு பாதியாக எடுத்து ஒட்டிய கோடு இடுப்பின் பக்கவாட்டில் இன்னும் தெரியும். மேலே பூசிய வண்ணம் பழைய கால டிஸ்டெம்பர் மாதிரியானது, பசை கலந்த தண்ணீர் வண்ணம். இது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

2019 கொலுவுக்குப் பரணிலிருந்து இறக்கும்போது பெட்டி சாய்ந்து, வலது முன்கையும் புல்லாங்குழலில் முக்கால் பாகமும் போய்விட்டன. கை பொடிப் பொடியாகிவிட்டதால் துண்டுகளைச் சேர்க்க வழியில்லை. பீடத்தின் பின்பக்கத்திலும் ஒரு சில்லு போனது. பின்னமான பொம்மையைக் கொலுவில் வைக்கக் கூடாது என்று அம்மா அதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். அந்த இடத்தில் அந்த வருடம் ஒரு குத்துவிளக்கு நின்றது.

முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாய்க் கசிவுக்கு வைப்பார்களே, இரண்டு பொட்டலமாக வரும், சேர்த்துப் பிசைந்தால் இறுகும் எபாக்சி புட்டி, அதை ஹார்டுவேர் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கினேன். பிசைந்து, உடைந்த முழங்கையில் நேராக அப்பி, கை மாதிரி உருட்டினேன். பிடிமானத்துக்காக மேல்கை வரைக்கும் ஒரு வளையம் போல இழுத்துப் பூசினேன், நல்ல வண்ணத்தின் மேலேயே. காய்ந்ததும் கல் மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பரம திருப்தி. 2021இல் பெட்டியிலிருந்து எடுக்கும்போது லேசாக இடித்தது, கை கீழே விழுந்தது. புட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் முனையில் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு முழங்கையின் மண் பெயர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். ஒட்டு பலமாக இருந்ததுதான் தப்பு. இடி வரும்போது ஏதோ ஒன்று உடைந்துதான் ஆகும். பாட்டியின் மண்ணை விட என் புட்டி பலமாக இருந்தால் உடையப்போவது பாட்டியின் மண். எடை போட்டுப் பார்த்தேன்: அந்தக் கை மட்டும் 38 கிராம். மெல்லிய மண் முழங்கையில் அவ்வளவு கனத்தைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் அருங்காட்சியகங்களில் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அவர்களும் எபாக்சி புட்டி பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஒட்டுவதற்கு அல்ல. போன பாகத்துக்கு உருவம் கொடுக்கவும், பொருள் உட்காரும் இருக்கை செய்யவும்தான். எபாக்சி ஒருமுறை இறுகினால் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையாது. எனவே அது பொருளோடு நேராகச் சேராதபடி நடுவில் ஒரு தடுப்பு வைக்கிறார்கள். ஒட்டுவதற்குக் கரையக்கூடிய வேறொரு பிசின். பெரும்பாலும் பாரலாய்டு பி-72. அக்ரிலிக் வகை, சின்னச் சின்னக் கண்ணாடி மணி போல வரும், எத்தனை வருடம் கழித்தும் அசிட்டோனில் கரையும்.

சரி, முதலில் பழையதை எடுக்க வேண்டும். மேல்கையில் இருந்த வளையம் நகரவே இல்லை. பொம்மையைச் சுற்றி அலுமினியத் தாள் மூடி, வளையத்தை மட்டும் வெளியே விட்டு, ஹேர் டிரையரில் சூடு காட்டினேன். நல்ல சூட்டில் புட்டி கொஞ்சம் இளகி ரப்பர் மாதிரி ஆகிறது. அந்த அரை நிமிடத்துக்குள் சர்ஜிக்கல் பிளேடால் கடுகளவு கடுகளவாகச் சீவ வேண்டும். அப்புறம் மறுபடி சூடு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மொத்தம் ஏழு மணி நேரம். வளையம் போனது, அதனடியில் இருந்த நீல வண்ணமும் கட்டை விரல் அகலத்துக்குப் போனது. அதைத் தவிர்க்க எனக்கு வழி தெரியவில்லை.

2022இல் புதிதாக ஆரம்பித்தேன். மில்லிபுட் சூப்பர்ஃபைன் வெள்ளை (அதுவும் இரண்டு பாகமாக வரும் எபாக்சி புட்டிதான்) ஒரு பாக்கெட், 113 கிராம் சொச்சம், நான் கொடுத்தது 1,150 ரூபாய். பி-72 100 கிராம் 900 ரூபாய். அசிட்டோன் அரை லிட்டர் 190. நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி 350. கையுறையை மட்டும் விடாதீர்கள். புட்டியை இறுகவைக்கும் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற ரசாயனம் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அது பிறகு போகாது. குழாய்ப் புட்டியை வெறுங்கையில் பிசைந்தபோது எனக்கு இரண்டு விரல் நுனியும் சிவந்து தோல் உரிந்தது.

பி-72ஐக் கரைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மணிகளை நேராக அசிட்டோனில் போட்டால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், நாள் கணக்கில் கரையாது. மெல்லிய மல் துணியில் முடிந்து, பாட்டிலின் மேல்பாதியில் தொங்கும்படி மூடியில் நூலை மாட்டிவிட்டால் ஒரே ராத்திரியில் கரைந்து கீழே தேன் மாதிரி இறங்கிவிடுகிறது. 100 மில்லிக்கு 10 கிராம் போட்டு மெல்லிய கரைசல் ஒரு பாட்டில், 50 கிராம் போட்டுக் கெட்டியாக இன்னொன்று. மெல்லியதை உடைந்த முழங்கையில் இரண்டு தடவை பூசினேன். உதிரும் மண்ணையும் பிடித்துக்கொள்ளும், புட்டிக்குத் தடுப்பாகவும் இருக்கும். முதல் முறை பூசிய அன்று வெளியே மழை. பூசிய இடம் பால் போல வெளுத்துவிட்டது. அசிட்டோன் ஆவியாகும்போது இடம் குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதில் படிந்துவிடுகிறது. அசிட்டோனில் துடைத்து எடுத்துவிட்டு, வெயில் அடித்த ஒரு நாள் மத்தியானம் திரும்பப் பூசினேன், கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது.

புட்டியைக் கலப்பதில் கண்ணளவு வேண்டாம். இரண்டையும் ஒரே தடிமனில் முறுக்குக் குச்சி போல உருட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நீளத்துக்கு வெட்ட வேண்டும். ஒருமுறை அவசரத்தில் கிள்ளி எடுத்துக் கலந்தேன், இரண்டு நாள் கழித்தும் பிசுபிசுவென்றே இருந்தது, மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன். வெட்டி எடுத்தபின் ஐந்து நிமிடம் விடாமல் பிசைய வேண்டும், நிறத்தில் ஒரு கோடுகூடத் தெரியக் கூடாது. பிசைந்த உடனே வேலை ஆரம்பித்தால் எல்லாவற்றிலும் ஒட்டும். 20 நிமிடம் விட்டால் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வரும், அப்போது எடுத்தால் சொன்னபடி கேட்கும். எங்கள் வீட்டில் ஏப்ரல் மாதம் அந்தப் பதம் முக்கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. மார்கழியில் ஒன்றரை மணி நேரம் தாராளமாகக் கிடைத்தது. இப்போதெல்லாம் ஒரு கைப்பிடிக்கு மேல் பிசைவதில்லை.

கையைப் பொம்மையின் மேல் வைத்துச் செய்யவில்லை, தனியாகச் செய்தேன். முழங்கை உடைவின் மேல் சமையலறை கிளிங் ஃபிலிமை இறுக்கிப் போர்த்தி, அதன் மேல் ஒரு சின்ன உருண்டை புட்டியை அழுத்தினேன். உடைந்த முகத்தின் மேடு பள்ளம் அத்தனையும் அதில் பதிந்துவிடும். நான்கு மணி நேரம் கழித்துக் கழற்றினால், பொம்மையோடு ஒட்டாமல், ஆனால் அந்த ஒரே ஒரு இடத்தில் மட்டும் பூட்டுப் போல உட்காரும் ஒரு துண்டு கையில் வரும். அதிலிருந்து கையை வளர்த்துக்கொண்டே போகலாம். உப்புத்தாள் போடுவது, தேய்ப்பது, தண்ணீர் தொட்டு வழவழப்பாக்குவது எல்லாம் மேஜையில். பொம்மையின் பக்கத்தில் தண்ணீரே போக வேண்டாம். இதைச் சும்மா சொல்லவில்லை. கலந்த புட்டியை ஈர விரலால் தடவினால் அழகாக வழவழப்பாகும், அந்தப் பழக்கத்தில் ஒருமுறை பொம்மையின் தோளைத் தொட்டுவிட்டேன். நீல வண்ணம் விரலோடு வந்துவிட்டது. பசை வண்ணம் தண்ணீர் பட்டால் போயிற்று.

கனத்தைக் குறைக்க உள்ளே எதையாவது வைக்க வேண்டும். முதலில் தெர்மோகோல் வைத்தேன். கை நன்றாக வந்தது. ஒட்டும் முகத்தில் பி-72 பூசியதும், அங்கே கொஞ்சம் வெளியே தெரிந்த தெர்மோகோல் அசிட்டோனில் உருகிப் பள்ளமானது, பள்ளத்தின் வழியாகக் கரைசல் உள்ளே போய் எல்லாம் சுருங்கி, கை வெறும் ஓடாக நின்றது. அடுத்து நெட்டி. தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செய்வார்களே, அதே நெட்டிதான், பொங்கல் மாலைக் கடையில் ஒரு கட்டு 30 ரூபாய். பிளேடு போட்டால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், அசிட்டோனுக்கு அசையாது, கனமே கிடையாது. 14 மில்லிமீட்டர் தடிமனில் நெட்டியைச் சீவி அதன்மேல் 2 மில்லிமீட்டர் புட்டி. முன்கையின் நீளம் 62 மில்லிமீட்டர். முடிந்தபின் எடை 19 கிராம், பழையதில் சரிபாதி.

விரல்களுக்குத்தான் நேரம் போனது. பழைய கொலுப் புகைப்படம் ஒன்றில் அந்தக் கை கொஞ்சம் தெளிவாக இருந்தது. சுட்டு விரலும் நடுவிரலும் குழலின் மேல் படிந்திருக்கும், மோதிர விரல் ஒரு நூல் உயர்ந்திருக்கும், சுண்டு விரல் தனியாக வெளியே நீளும். நெளிவு நாட்டியத்தில் வருவது போல இருக்காது, ஏதோ அப்போதுதான் ஒரு துளையை மூடித் திறந்த மாதிரி இருக்கும். பண்ருட்டியில் அந்த அச்சைச் செய்தவர் யாரோ, குழல் வாசிப்பவரின் கையை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஒவ்வொரு விரலையும் தனியாக உருட்டி, கோணி ஊசியால் கணுவை அமுக்கி, அடியில் மெல்லிய செம்புக் கம்பி கொடுத்துச் சேர்த்தேன். சுண்டு விரலை நான்கு தடவை வெட்டி எடுத்துத் திரும்ப வைத்தேன். புட்டி கலந்து ஒன்றரை மணி நேரம் ஆனதும் ஒரு பதம் வரும், பழைய சோப்புக்கட்டி போல. ஊசி அழுத்தினால் கோடு விழும், ஓரம் பிசிறாது. நகமும் வளையலின் முத்து வரிசையும் அந்த நேரத்தில் போட்டவை. நான்காம் தடவை வைத்த சுண்டு விரலைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அம்மா, "இப்பத்தான்டா வாசிக்கிறார்" என்றார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

குழலுக்கு 4 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் வைத்தேன், 110 மில்லிமீட்டர் நீளம். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அதுவும் ஒரு தப்புதான், பிறகு வருகிறேன்.

வண்ணம் அக்ரிலிக். நீலம் கலப்பதற்கு முன்னால் சுண்ணாம்பு வெள்ளையும் கொஞ்சம் காவியும் சேர்த்து அடிப்பூச்சு கொடுத்தேன். எபாக்சி வெளிச்சத்தில் மஞ்சளாகும், வெள்ளையாக இருக்கிறதே என்று அப்படியே விடக் கூடாது. பழைய வண்ணத்தின் மேல் ஒரு சொட்டும் ஏற்றவில்லை. இந்தத் துறையில் ஒரு பழக்கம் உண்டு: ஆறடி தூரத்தில் பழுது தெரியக் கூடாது, ஆறு அங்குலத்தில் தெரிய வேண்டும். அதனால் சேருமிடத்தில் மயிரிழை அளவு கோட்டை மூடாமல் விட்டேன்.

ஒட்டும்போது கெட்டியான பி-72ஐ இரண்டு முகத்திலும் தடவி, உடைந்த முழங்கை வானம் பார்க்கும்படி பொம்மையை மணல் மூட்டையில் சாய்த்து வைத்து, கையைச் செங்குத்தாக நிறுத்தினேன். கை தன் கனத்திலேயே உட்கார்ந்துகொள்ளும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஐந்து நாள் அசைக்கவில்லை. 2022 கொலுவில் மூன்றாம் படியில் வேணுகோபாலன் நின்றார். அம்மா முதல் நாள் சுண்டலை அங்கேதான் வைத்தார்.

2023 மே மாதம் பரணில் வேறு எதையோ தேடும்போது பெட்டியைத் திறந்தேன். குழலின் நுனி 9 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. உடையவில்லை, விரிசல் இல்லை, மெதுவாகத் தலைகுனிந்த மாதிரி. காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பி-72 இளக ஆரம்பிப்பது சுமார் 40 டிகிரியில். மொட்டை மாடிக்கு நேர் கீழே, காங்கிரீட்டை ஒட்டிய பரணில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், சாயங்காலம் ஐந்து மணிக்கு 43. ஐரோப்பாவில் எழுதியதைப் படித்து அப்படியே செய்ததில் நம்மூர்ப் பரணை மறந்துவிட்டேன். கூடவே அந்தப் பித்தளைக் குழலின் 6 கிராம், நெம்புகோல் மாதிரி முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஒட்டிய இடத்தைச் சுற்றிக் கட்டி, மேலே கிளிங் ஃபிலிம் சுற்றினேன். 40 நிமிடம். சுண்டு விரலால் தொட்டேன், கை கழன்று உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. முழங்கையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு மண் துகள் பெயரவில்லை, ஓரத்து நீலம் அப்படியே இருந்தது. ஏழு மணி நேரம் பிளேடால் சீவிய அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

மாற்றியது மூன்று. பித்தளையை எடுத்துவிட்டு மூங்கில் குச்சியைச் சீவிக் குழல் செய்தேன், ஒரு கிராம்தான் இருக்கும். ஒட்டுவதற்கு பி-72உடன், அதே பாரலாய்டு வகையில் இன்னொன்றான பி-44ஐச் சரிபாதி சேர்த்தேன். பி-44 இளகுவது 60 டிகிரி வாக்கில். வெயில் அதிகமான இடங்களில் அகழாய்வுப் பானைகளை ஒட்டுபவர்கள் இப்படிக் கலப்பதுண்டு. பி-44 மட்டும் போட்டால் ஒட்டு கொஞ்சம் மொறுமொறுப்பாகிவிடும் என்பதால் கலவை. மூன்றாவது, பரணை விட்டுப் பீரோ அடித்தட்டு. அங்கே மே மாதத்தில் 36ஐத் தாண்டவில்லை.

இருக்கை கதையையும் சொல்ல வேண்டும். பீடத்தின் பின்சில்லு போனதால் பொம்மை லேசாக ஆடும். பீடத்தில் புட்டி வைத்து நிரப்புவதற்குப் பதில், பொம்மையைத் தொடாமல் அடியில் ஒரு தட்டு செய்தேன். கலிபோர்னியாவில் 'கெட்டி' (Getty) என்ற அருங்காட்சியகத்தில் நிலநடுக்கத்தில் சாயாமல் இருக்கச் சிலைகளின் வடிவத்துக்கே பொருந்தும் தாங்கிகள் செய்கிறார்கள், யோசனை அங்கிருந்து வந்தது. 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, அதன்மேல் மூன்று இடத்தில் புட்டித் திட்டு, மேலே இரண்டு சுற்று கிளிங் ஃபிலிம், அதன்மேல் பொம்மை. இறுகியதும் தூக்கினால் பீடத்தின் பாதப் பதிவு அச்சாகப் பலகையில் இருக்க வேண்டும்.

தூக்கினேன், வரவில்லை. பின்சில்லு போன இடம் உள்வாங்கி இருந்தது, புட்டி அதற்குள் வழிந்து கொக்கி போலப் பிடித்துக்கொண்டது. கிளிங் ஃபிலிம் ஒட்டாமல்தான் தடுக்கும், மாட்டிக்கொண்டதை விடுவிக்காது. ஹேர் டிரையர் காட்டி, புட்டியை மெல்லிய ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து எடுக்க ஒரு மாலை முழுக்கப் போனது. அடுத்த முறை முதலில் பொம்மைக்கு ஃபிலிம் சுற்றி, உள்வாங்கிய இடத்தைப் பிள்ளைகள் விளையாடும் கிளேயால் ஃபிலிமுக்கு வெளியே அடைத்து, அதன்மேல் இன்னொரு ஃபிலிம் போட்டுச் செய்தேன். கிளே நேராக மண்ணில் பட்டால் அதன் எண்ணெய் ஊறிக் கறையாகும், அதனால்தான் இரண்டு ஃபிலிம். இறுகியதும் ஃபிலிம் சுருக்கத்தின் கோடுகளை உப்புத்தாளில் தேய்த்து, மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டினேன். இப்போது பலகையைத் தட்டினாலும் பொம்மை ஆடுவதில்லை.

மொத்தச் செலவு, வீணானதும் சேர்த்து, 3,600 ரூபாய் வாக்கில். பி-72இல் முக்கால் பங்கு மிச்சம் இருக்கிறது. புட்டி பாதி மிச்சம், காற்றுப் புகாத டப்பாவில். அடுத்தது அதே செட்டில் இருக்கும் பசுவின் காது. இந்த முறை புட்டி பிசையும்போதே காவிப்பொடி சேர்த்து மண் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு சிட்டிகை சேர்த்துச் சோதனைக்கு ஒரு உருண்டை செய்து பார்த்தேன், நன்றாக இறுகியது. ஒரு தேக்கரண்டி போட்ட உருண்டை நகத்தால் கீறினாலே உதிர்ந்தது.

பலகையின் அடியில் பென்சிலால் எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன், யார் கைக்குப் போகிறதோ அவருக்கு: "வலது முன்கை புதியது. உள்ளே நெட்டி, மேலே எபாக்சி புட்டி, அக்ரிலிக் வண்ணம். ஒட்டியது பி-72, பி-44 சரிபாதி. கழற்ற அசிட்டோன், 40 நிமிடம். பொம்மையில் தண்ணீர் படக் கூடாது. பரணில் வைக்க வேண்டாம். ஆகஸ்ட் 2023."